105 எங்கே போச்சு?

மாமா முப்பது வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர். சாயங்காலம் கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். அப்படிப்பட்டவரை ரிச்சி தெருவுக்குத் தள்ளிக்கொண்டுபோய், 27 அங்குல கேமிங் மானிட்டர் ஒன்றுக்குப் பணம் கட்டவைத்தான் அவருடைய அக்கா மகன்.

அட்டைப்பெட்டி முழுக்க எண்கள். 165 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட், 2560 x 1440 பிக்சல், 1 கோடியே 67 லட்சம் நிறங்கள்.

"இத்தனை நிறத்தையும் யாருடா எண்ணிப் பார்த்தது?"

எண்ண வேண்டாம், பெருக்கினால் போதும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 படிகள். 256-ஐ மூன்று முறை போட்டுப் பெருக்கினால் 1,67,77,216. மாமா கடையிலேயே செல்போனில் தட்டிப் பார்த்தார். டேலி ஆனது. பெட்டியின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அந்த மரியாதை 1 மில்லி செகண்டில் ஆட்டம் கண்டது. அதில் இரண்டு வகை உண்டு. ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாற எடுக்கும் நேரம் ஒன்று. எந்தச் சாம்பலிலிருந்து எந்தச் சாம்பலுக்கு என்பதைத் தயாரிப்பாளரே தோதாகப் பார்த்துக்கொள்ளலாம். மகன் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே பாடத்தை மட்டும் சொந்தக்காரர்களிடம் சொல்லும் அப்பா மாதிரி. இன்னொன்று, நகரும் படம் எவ்வளவு நேரம் கண்ணில் தங்குகிறது என்பது. அதைக் குறைக்கப் பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுவார்கள். படம் தெளியும், திரை மங்கும்.

பெட்டியில் 'எச்டிஆர் 400' என்றும் இருந்தது. வெசா அமைப்பு 2017 இறுதியில் கொண்டுவந்த தரவரிசையில் அதுதான் கீழ்ப்படி. உச்ச வெளிச்சம் 400 நிட் வந்தாக வேண்டும். திரையின் இருண்ட பகுதியில் மட்டும் விளக்கைத் தணிக்கும் வசதி கட்டாயமில்லை. இதுபோன்ற ஐபிஎஸ் திரைக்குக் கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் 1000-க்கு 1தான். ஆக, விளையாட்டில் அமாவாசை வந்தாலும் வானம் விபூதி பூசிக்கொண்டுதான் நிற்கும்.

அக்கா மகனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அவனுக்கு 165தான் உயிர். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும், 165-ல் 6 மில்லி செகண்டுதான் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் வகுப்பெடுத்தான். "பழைய மானிட்டர்ல இனிமே கண்ணே வைக்க முடியாது மாமா. எதிரி திரும்புறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிடுது." நான்கு மாதம் இப்படியே ஓடியது. தோற்றால் மட்டும் இன்டர்நெட் மேல் பழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று மாமா டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தார். எதையோ அழுத்தப்போய் எதுவோ திறந்துகொண்டது. அங்கே 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது.

"டேய், பெட்டியில 165, இங்க 60. 105 உதைக்குதே?"

புது மானிட்டரை மாட்டினாலும் கணினி பல சமயம் 60-லேயே நின்றுவிடும். நாமாகப் போய் மாற்றினால்தான் உண்டு. மாமா 165-ஐத் தேர்ந்தெடுத்து, மவுஸை வட்டமாகச் சுற்றினார். அதுவரை தத்தித் தத்திப் போன அம்புக்குறி எண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. அவருக்கே அது பிடித்துப்போய் இன்னும் நாலு சுற்று சுற்றினார்.

அக்கா மகன் தொண்டையைச் செருமினான். "முன்னாடி 165-லதான் மாமா இருந்துச்சு. ஏதோ அப்டேட்ல மாறியிருக்கும்."

"எந்தத் தேதியில?" என்றார் மாமா.