காற்றிறங்கு படலம்: ஸ்டெப்னி இல்லாத இல்லங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சாலையில் ஆகும் பஞ்சர் வேறு, வீட்டில் காணப்படும் பஞ்சர் வேறு. இவ்விரண்டையும் ஒரே பொருளாகக் கொண்டு பேசியவர்கள் அனைவரும் பிழைபட்டார்கள் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சாலைப் பஞ்சர் ஒரு நிகழ்ச்சி. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், நேரமும் இடமும் ஐயமின்றிப் பதிவாகும். வீட்டுப் பஞ்சருக்கு நிகழ்ச்சி என்று ஒன்று கிடையாது. இரவு ஒழுங்காக நின்ற கார் காலை எட்டரை மணிக்கு ஒரு தோளைச் சாய்த்து நிற்கிறது. இடைப்பட்ட காலம் இருண்ட காலம். அதற்குக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. கிடைக்கும் ஒரே வாய்மொழிச் சான்று, "சார், டயர் உக்காந்துருச்சு" என்னும் வாட்ச்மேன் கூற்று மட்டுமே.

முன்னோர் ஆய்வுகளைச் சுருங்கப் பார்ப்போம். காற்றடைத்த டயருக்கு 1845-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே புதிதாகக் கண்டுபிடித்து 1888-இல் காப்புரிமை வாங்கினார். தாம்சன் முந்திக்கொண்டார் என்று தெரிந்ததும் அந்த உரிமை செல்லாமல் போயிற்று. காற்றை நம்பியவர்களுக்கு நேரும் கதி அப்போதே தொடங்கிவிட்டது. 1895-இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ்-போர்டோ பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டினார்கள். வேல்ஸ் நாட்டு லானெல்லியில் ஸ்டெப்னி வீதி டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரத்தைக் கொண்டுவந்ததோ 1904-இல். ஆக ஒன்பது ஆண்டுக் காலம் கார் வைத்திருந்தோர் காற்றோடும் ஆணியோடும் ஸ்டெப்னி இன்றியே வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்பதே ஆய்வுச் சிக்கல்.

இனி, இன்மை. நியாய சாத்திரத்தார் இன்மையை நான்காகப் பகுத்தது எதற்காக என்பது இக்காலம்வரை தெளிவாகவில்லை. கார் டிக்கியைத் திறந்து பார்த்தால் தெளிவாகிறது.

முற்றிலும் இன்மை என்பது, வண்டி பிறந்தபோதே ஸ்டெப்னி இல்லாதிருத்தல். 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் சிறிய வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அழிந்தபின் இன்மை என்பது, இருந்த ஸ்டெப்னி மச்சினர் காருக்குப் போய், அங்கேயே குடும்பம் நடத்திக்கொண்டிருத்தல். தோன்றுமுன் இன்மை என்பது, "அடுத்த சர்வீஸ்ல வாங்கிடலாம்" என்று மூன்று சர்வீஸ்களாக வாங்கப்படாதிருத்தல். நான்காவதான ஒன்றில் ஒன்று இன்மைதான் நாட்டில் பெருவழக்கு. டிக்கியில் சக்கரம் உண்டு. அதில் காற்று இல்லை. அது சக்கரமே, ஆனால் ஸ்டெப்னி அன்று. வாங்கிய நாளில் அடைத்த காற்றோடு ஐந்தாறு ஆண்டுகள் கம்பளத்துக்கடியில் தவமிருந்து, அழைக்கப்படும் நாளில் தானும் தட்டையாக வெளிப்படுவது அதன் இயல்பு.

காற்றின் இயல்

1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய சிறு தொழில்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாயிற்று. இதை வணிக வெற்றியாக மட்டும் பார்ப்பது மேலோட்டமான பார்வை. காரைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று என்ற மெய்ம்மை இதில் பொதிந்துள்ளது. ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ. 33 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. வகுத்தால் ஏறத்தாழ 108 சதுர சென்டிமீட்டர். அதாவது ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் பரப்பு ஓர் அஞ்சலட்டையைவிடச் சிறியது. நான்கு அஞ்சலட்டைகளின் மேல் குடும்பம் திருப்பதி போய் வருகிறது.

இதிலிருந்து இக்கட்டுரையின் முதன்மைத் தேற்றம் பெறப்படும்: வந்த வண்டி போகும். நேற்று வீட்டுக்கு அந்த டயரில்தான் வந்தோம். எனவே காற்று மெல்லத்தான் இறங்கியிருக்கிறது. மெல்ல இறங்கும் டயரில் திரும்பக் காற்றடைத்தால் பஞ்சர் கடைவரை போக அவகாசம் உண்டு. ஆகவே காணாமல்போன பொருள் சக்கரம் அன்று, காற்று. காற்றைத் தேடவேண்டிய இடத்தில் சக்கரத்தைத் தேடியதே முந்தைய ஆய்வாளர்களின் அடிப்படைத் தவறு.

தேற்றத்துக்கு விலக்குகள் உள. சைடு வாலில் வெட்டோ வீக்கமோ இருந்தால் பொருந்தாது. டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகியிருந்தாலும் பொருந்தாது. இடுக்கு வழியே எல்லாம் வெளியேறும், சிறு பம்ப் எவ்வளவு இரைந்தாலும் பயனில்லை. "மெதுவா உருட்டிட்டே போயிடலாம் சார்" என்னும் கட்சியாரை இங்கேயே மறுத்துவிடுகிறோம். காற்றில்லாத டயரில் தெருமுனைவரை போனாலும் ரிம் சைடு வாலை நசுக்கி, நூறு, நூற்றைம்பது ரூபாயில் முடிய வேண்டியது புது டயராகிவிடும்.

காற்றுக்கு எங்கே போவது? காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் கையடக்கக் கம்ப்ரசர் இருந்தால் ஆய்வு இத்துடன் முடிந்தது. பெரும்பாலும் அது இருப்பது மூன்றாம் மாடிக்காரரிடம்; அவர் ஊரில் இருக்கமாட்டார். சைக்கிள் பம்ப் கொண்டுவருவோர் உண்டு. நம் சாதாரண சைக்கிள் வால்வும் கார் வால்வும் வேறு வேறு இனம், அடாப்டர் இன்றிச் சேராது. சேர்ந்தாலும் சிறிய காரின் டயர் நிறைய ஐம்பது லிட்டருக்கு மேல் வெளிக்காற்று உள்ளே போகவேண்டும். ஓர் அடிக்கு மூன்றில் ஒரு லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் நூற்றைம்பது அடிக்குக் குறையாது. இது ஆய்வு மாணவர்களுக்கு ஒதுக்கத்தக்க பணி.

கண்டோர் கூற்று

அகப்பொருள் இலக்கணம் தலைவன், தலைவி, தோழி ஆகியோரோடு கண்டோருக்கும் பேச இடம் தந்தது. அடுக்குமாடி ஸ்டில்ட் பார்க்கிங்கை முன்னுணர்ந்த ஏற்பாடு என்றே இதைக் கொள்ளவேண்டும். ஒருவர் குனிந்து டயரைப் பார்த்த இரண்டாவது நிமிடத்தில் கண்டோர் தோன்றுவர். முதலில் வருபவர் வங்கியில் ஓய்வு பெற்றவர். அவர் டயரைச் செருப்புக் காலால் இருமுறை உதைத்து, "காத்து கம்மியா இருக்கு" என்பார். இது நோய்முதல் நாடல். அடுத்தவர் நைட்ரஜன் அடித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பார். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான் என்று அவரிடம் சொல்வது ஆய்வு அறத்துக்கு உகந்தது. குடியிருப்பு அமைதிக்கு உகந்ததன்று. மூன்றாமவர் எதுவும் பேசமாட்டார். மொபைலில் பஞ்சர் கடைக்காரர் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார். கண்டோருள் தலையாயவர் இவரே. வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சர்காரர் ஊருக்கு ஊர் உண்டு.

ஆபத்தானவர் நான்காமவர். கையில் கட்டிங் பிளேயரோடு வருவார்.

ஆணி பற்றிய கொள்கைகள்

டயரில் தைத்திருக்கும் ஆணி ஒரே நேரத்தில் குற்றவாளியும் காவலரும் ஆகும். ஓட்டை போட்டது அதுதான். அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதும் அதுதான். இரவு முழுவதும் காற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டது அதன் கருணை. பிடுங்கினால் சில நிமிடங்களில் எல்லாம் போய், முதன்மைத் தேற்றமும் உடன் போய்விடும். எனவே ஓட்டையை அடைக்கும் ஸ்ட்ரிப்பும் அதைத் திணிக்கும் ஊசியும் ரீமரும் கம்ப்ரசரும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தாலொழிய ஆணியைத் தொடுதல் ஆகாது. 2001-இல் வெளிவந்த ஃபிரெண்ட்ஸ் படத்தில் காண்டிராக்டர் நேசமணி ஆணி குறித்துத் தம் ஆட்களிடம் நெடிய விவாதத்துக்குப் பின் எட்டிய "ஆணியே பிடுங்க வேண்டாம்" என்னும் இறுதி முடிவு, டயர்த் துறைக்கு அப்படியே பொருந்துவதை இங்கே சுட்டுகிறோம். 2019-இல் இணைய உலகமே அவருக்காகப் பிரார்த்தித்தபோதும் இந்தப் பங்களிப்பை ஒருவரும் பேசவில்லை.

காற்று எவ்வகையிலும் கிடைக்காதவிடத்து, சக்கரத்தைக் கழற்றிக் கடைக்கு அனுப்புவது கடைசி வழி. முதல் கியர், ஹேண்ட் பிரேக், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தவேண்டும். தூக்கிய பின் திருகினால் நட்டுக்குப் பதில் சக்கரம் சுற்றும். ஜாக்கியில் நிற்கும் காரின் கீழே யாரும் தலையை நீட்டக்கூடாது. இதில் வேடிக்கை ஏதுமில்லை. கழன்ற சக்கரம் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் ஏறும். ஓட்டுபவர் முழங்கால்களை இருபுறமும் அகட்டி வைத்துப் போவார். ஆறு லட்ச ரூபாய் கார் நொண்டியாய் நிற்க, அதன் கால் ஸ்கூட்டரில் வைத்தியம் பார்க்கப் போகும் இக்காட்சியில், பாதசாரிகளின் நல்லெண்ணம் முழுக்கச் சக்கரத்தின் பக்கமே இருக்கும்.

காற்றிறங்கிய சக்கரத்தின் பக்கத்தில்தான் தூண் இருப்பது ஏன், ஜாக்கியின் கைப்பிடி மட்டும் தனியே தொலைவது ஏன் என்பன மேலாய்வுக்குரியவை. ஆணியின் பிறப்பிடம் குறித்தும் கருதுகோள் உண்டு: நான்காம் மாடியில் இரண்டு மாதமாக நடக்கும் மரவேலை. ஆனால் அந்த வீடு குடியிருப்போர் சங்கச் செயலாளருடையதாகையால், இக்கருதுகோளைச் சோதிக்கக் களப்பணி அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.