ஊசி போடாத டாக்டர்

தொண்ணூறுகளில் சென்னையில் மருத்துவம் படித்த எங்களுக்கு மீஞ்சூர் என்பது ஊரே அல்ல. கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரிக்கு முன்னால் வரும் ஒரு ஸ்டேஷன். குழந்தைகள் பிரிவு போஸ்டிங்கில் அந்தப் பக்கம் அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப், ஒரு தடிப் புத்தகம், பழவேற்காடு வரைக்கும் உள்ள பிள்ளைகளையெல்லாம் குணமாக்கிவிடும் தைரியம். முதல் இரண்டுக்குத்தான் அப்பா காசு கொடுத்திருந்தார்.

புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. ஒன்றிலிருந்து ஆறு வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் எடை. நாலு வயதுக்கு 16 கிலோ. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. தராசில் ஏறினால் முள் பன்னிரண்டுக்கே தயங்கும். அந்த நாலு வயதும் உத்தேசம்தான். பிறந்த தேதி கேட்டால், "போன பொயலுக்கு முந்தின ஐப்பசி" என்பார்கள். எத்தனை நாளாகப் பேதி என்றால், "எங்க பாட்டுக்கு மொத நாள்லேர்ந்து சார்." ஏரியில் வலை கட்டும் இடத்தை முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். அவர்களுக்கு அதுவே காலண்டர். நாங்கள் கேஸ் ஷீட்டில் '3 நாள்' என்று எழுதிக்கொள்வோம். பேராசிரியருக்குப் பாடு முறை தெரியாது.

எங்களிடம் வருவதற்குள் தொக்கம் எடுத்தாகியிருக்கும், குடல் தட்டியாகியிருக்கும், மந்திரித்த கயிறும் ஏறியிருக்கும். பிள்ளைக்கு உச்சிக்குழி உள்வாங்கி, கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராத நிலை. குடிக்கிற தெம்பு இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். 1971இல் பங்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதைத்தான் டிரம் டிரம்மாகக் கரைத்து ஊற்றி, காலராச் சாவை 30 சதவீதத்தை ஒட்டியிருந்த நிலையிலிருந்து 4 சதவீதத்துக்குக் கீழே இறக்கினார். ஒரு ஆயாவிடம் இந்த வரலாற்றையெல்லாம் விளக்கினேன். அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்புத் தண்ணியா? அதுக்கா படகு ஏறி வந்தோம்? ஏரி பூரா அதான கீது!"

பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

நிமோனியாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. பிள்ளையின் சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்கு 40. எண்ணிக்கை அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருக்க, வரிசையில் குரல் கேட்கும்: "இன்னா இவுரு, சும்மாவே ஒக்காந்துனு கீறாரு. ஊசி போடுற டாக்டர் இல்லியா?" ராக்கெட் ஏவும் நாளில் கூட்டம் இன்னும் அதிகம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா, அன்று கடலுக்குப் போகத் தடை என்பதால் அப்பாக்களும் வந்துவிடுவார்கள். அவர்களுக்கும் ஊசிதான் வேண்டும்.

இப்போது என் அக்கா மகளுக்கு அதே பக்கம் போஸ்டிங். வேடிக்கை பார்க்கப் போனேன். அம்மாக்கள் பிறந்த தேதியோடு நேரத்தையும் போனில் காட்டுகிறார்கள். அட்டையில் எல்லாத் தடுப்பூசியும் வரிசையாக. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும்தான் பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கின. நாட்டின் கடைசி போலியோ அதே ஆண்டு ஜனவரியில், ஹவுராவில். பச்சிளங்குழந்தை டெட்டனஸை ஒழித்தாயிற்று என்று 2015இல் சான்று கிடைத்தது. நாங்கள் 'நல்ல கேஸ்' என்று கட்டிலைச் சுற்றி முண்டியடித்துப் பார்த்ததையெல்லாம் அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். படிப்புக்கு நஷ்டம்தான், என்ன செய்வது!

அவளுக்கு வரும் கேஸ் வேறு. "சாப்பிடவே மாட்டேங்குறான் டாக்டர்" என்கிறார் அம்மா. அவன் கையில் சிப்ஸ் பாக்கெட். தாத்தா பிடித்த ஏரி நண்டு உயிரோடு கூடையேறி சிங்கப்பூர் போகிறது. பேரனுக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து டானிக்.

"மாமா, உங்க காலத்துல சாப்பிடாத பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"பி-காம்ப்ளெக்ஸ்."

"சாப்பிட்டாங்களா?"

"பி-காம்ப்ளெக்ஸைச் சாப்பிட்டாங்க."

அடுத்தது சளி. அவள் போனில் நொடி ஓடவிட்டு மூச்சை எண்ணினாள், 32. வைரஸ், தானே சரியாகும், ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னாள். அம்மா கூகுளில் படித்துவிட்டு வந்திருந்தார். "அப்ப ஊசி?" "வேணாம்மா." அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், முப்பது வருஷம் முன்பு அது எனக்குக் காட்டப்பட்டது. ஸ்டேஷன் பக்கம் கேட்டதும் ஊசி போடுகிற ஒருவர் அன்றும் இருந்தார், இன்றும் இருக்கிறார்.

இதே ஜனங்கள்தானா, 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைப் பள்ளிக்கே கொண்டுவந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி வேண்டாம் என்றார்கள்? அவர்களேதான், படித்த நகரத்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தேவையில்லாத ஊசிக்கு வரிசை, தேவையான ஊசிக்கு விசாரணைக் கமிஷன்.

ஆகவே, அம்மாக்களே, ஆயாக்களே: பிள்ளை பால் குடிக்கிறது, விளையாடுகிறது, விலா உள்ளே இழுக்கவில்லை, டாக்டரும் மூச்சை எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்றால் போய்விடுங்கள். புதன்கிழமைத் தடுப்பூசிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுங்கள்.