பைப்புக்கு அடியில் தகப்பன்: ஒரு பூர்வாங்க ஆய்வு

அசட்டுத் தகப்பன் என்னும் உயிரினத்தின் மூலமாதிரி ஹோமர் சிம்ப்சன் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் அணுமின் நிலையத்தில், வேறெதுவும் கிடைக்காததுபோல, பாதுகாப்புப் பரிசோதகராக இருப்பவர். 1987 ஏப்ரல் 19 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலில் தலைகாட்டினார். 1989 டிசம்பரில் அவருடைய குடும்பத்தின் கார்ட்டூன் தொடர் தனியாகத் தொடங்கியது. அவரைப் படைத்த மாட் க்ரோனிங் தம் சொந்தத் தகப்பனின் பெயரையே அவருக்குச் சூட்டினார். பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்குமுன் பெற்றோர் இதை ஒருமுறை யோசிப்பது நல்லது.

ஹோமரின் மெய்யியல் முழுவதும் ஓரசையில் அடங்கும்: 'டோ!' வசனப் பிரதியில் அது சொல்லாகவே இருக்காது. எரிச்சலில் ஒரு உறுமல் என்று குறிப்பு மட்டும் இருக்கும். குரல் கொடுத்த டான் காஸ்டலனெட்டா, லாரல்-ஹார்டி படங்களில் வரும் ஜேம்ஸ் ஃபின்லேசனின் இழுவையான முனகலைக் கடன் வாங்கினார். கார்ட்டூனில் அவ்வளவு நேரமில்லை, சுருக்கும் என்றார் க்ரோனிங். 2001இல் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதி அந்த உறுமலுக்கு இடம் கொடுத்தது.

இவ்வளவு புகழ்பெற்ற ஒலி கொழும்பு 6இல் ஏன் கேட்பதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அங்கே தகப்பன்மாருக்கும் தட்டுப்பாடில்லை, சொதப்பலுக்கும் தட்டுப்பாடில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிங்குக்குக் கீழே பைப் ஒழுகுகிறது. "இஞ்சேருங்கோ, பாஸைக் கூப்பிடுவமே?" என்கிறார் மனைவி. "இதுக்கும் ஒரு பாஸோ?" என்று தகப்பன் சாரத்தை மடித்துக் கட்டுகிறார். ஸ்பானரோடு உள்ளே புகுகிறார். வெளியே தெரிவது இரண்டு குதிக்கால்கள் மட்டும். மெயின் வால்வு திறந்தபடியே இருக்கிறது. ஒரு திருகு. தண்ணீர் முகத்திலடித்து, பின்னால் இருந்த அரிசி வாளிவரை போகிறது.

ஹோமர் என்றால் இந்த இடத்தில் ஓரசை போதும். பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாயிற்று, கதை நகரும். வெள்ளவத்தைத் தகப்பனோ தலையை வெளியே எடுக்குமுன்பே விசாரணைக் கமிஷனை அமைத்துவிடுகிறார்: "ஆர் மெயினைப் பூட்டாமல் விட்டது?"

வீட்டிலிருப்பது மூன்றே பேர். ஒருத்தி ரியூஷனுக்குப் போய்விட்டாள். சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியல் விரைவாகவே சுருங்குவதால், ஒரு நிமிடத்துக்குள் இரண்டாம் வாக்கியம் தேவைப்படுகிறது: "நான் அப்பவே சொன்னனான்." எப்போது சொன்னார், எவரிடம் சொன்னார் என்பதற்கு எந்தச் சான்றும் கிடைத்ததில்லை.

கொட்டாஞ்சேனையில் உச்சரிப்பு சற்று வேறு, "யாரு இத இங்க வச்சது?" என்று வரும். பொன்னம்பலவாணேசர் கோயில் பக்கத்துத் தகப்பனுக்கும் புனித லூசியா பேராலயப் பக்கத்துத் தகப்பனுக்கும் இதில் பேதமில்லை. பின்னவர் பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவர்தான். ஆனாலும் ஸ்பானர் சம்பந்தப்பட்ட பாவங்கள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

காரணம் வானொலி என்பது இக்கட்டுரையின் துணிபு. இந்தத் தகப்பன்மார் வளர்ந்த காலத்தில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' போனது. மரிக்காராக எஸ். ராம்தாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீட். ஒருவர் முஸ்லிம் தமிழும், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழும், ஒருவர் சிங்களம் கலந்த தமிழும், ஒருவர் அக்கிரகாரத் தமிழும் பேச, நாலு அசட்டுத்தனங்கள் ஒன்றோடொன்று மோதும். வரவேற்பு எவ்வளவென்றால், 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவே வந்தது.

வானொலியில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அது எவர் கண்ணிலும் படாது. விழுந்ததையும், ஏன் விழுந்தார் என்பதையும், அதற்கு யார் பொறுப்பு என்பதையும் வாயால் சொல்லித்தான் தீரவேண்டும். கார்ட்டூன்காரருக்கு உடம்பு இருக்கிறது, ஒரு உறுமலோடு தப்பிவிடலாம். கொழும்புத் தகப்பனின் பயிற்சியோ முழுக்க முழுக்க வாய்வழி. 1982இல் ரூபவாஹினி வந்து, டைட்டஸ் தொட்டவத்தவின் சிங்களக் குரல்களில் கார்ட்டூன் பூனைகள் பேசத் தொடங்கியபோது, அவர் உருவாகி முடிந்திருந்தார். அந்தப் பூனைகளிடம் சிங்களம் படித்தவர்கள் பிள்ளைகள்தான்.

ஹோமருக்கு 'வூ-ஹூ!' என்றொரு வெற்றிக் கூவலும் உண்டு. வெள்ளவத்தையில் அதன் நிகரைக் கேட்க இரவுவரை காத்திருக்க வேண்டும். பாஸ் வந்து, வோஷர் ஒன்றை மாற்றி, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தகப்பன் ஸ்காபரோவிலுள்ள தம்பிக்கு வட்ஸ்அப் கோல் எடுக்கிறார்.

"பைப் ஒண்டு வெடிச்சுப் போச்சடா. இப்பத்தான் மாத்தி முடிச்சனான்."

"ஓம்," என்கிறது சமையலறையிலிருந்து ஒரு குரல், "ரோச் பிடிச்சது அவர்தான்."