ராஜா நடக்கத் தொடங்கும் வயது

கேள்வி: வாழ்க்கையை ஒரு விளையாட்டோடு ஒப்பிடச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? என் நண்பர்கள் எல்லோரும் கிரிக்கெட் என்கிறார்கள். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: செஸ். டெஸ்ட் கிரிக்கெட்டில் அவுட் ஆனவருக்கு இரண்டாவது இன்னிங்ஸ் உண்டு. வாழ்க்கையில் அந்தச் சலுகை இல்லை. செஸ்ஸில் ஓப்பனிங், மிடில் கேம், எண்ட் கேம் என்று மூன்று பருவம். காய்கள் நகரும் விதிகள் கடைசிவரை அப்படியே இருக்கும். ஆனால் பருவத்துக்குப் பருவம் காய்களின் மதிப்பு மாறும். ஓப்பனிங்கில் முட்டாள்தனமாக இருந்த நகர்த்தல் எண்ட் கேமில் ஆட்டத்தையே ஜெயித்துக் கொடுக்கும். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. செஸ், அபாகஸ், கீபோர்டு, இந்தி என்று எல்லா வகுப்பிலும் சேர்த்திருக்கிறோம். சரிதானே? (வாசகி, மதுரை)

பதில்: ஓப்பனிங்கில் எல்லாக் காய்களையும் வெளியே கொண்டுவா என்பார்கள் செஸ் பயிற்சியாளர்கள், அந்த அளவில் சரி. ஆனால் அதே பயிற்சியாளர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: ராணியை அவசரப்பட்டு வெளியே விடாதே. பலம் அதிகம் என்று ராணியை முதலிலேயே நடுப்பலகைக்கு அனுப்பினால், எதிராளியின் குதிரையும் பிஷப்பும் அதைத் துரத்திக்கொண்டே தங்களுக்கு நல்ல இடம் பிடித்துவிடும். நம் ராணி ஓடிக்கொண்டே இருக்கும், மற்ற காய்கள் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த இடத்திலேயே நிற்கும். பையனிடம் ஏதாவது ஒரு திறமை பளிச்சென்று தெரிந்தால், அதைக் கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே விளையாட விடுங்கள். விஸ்வநாதன் ஆனந்துக்கு 6 வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா. வீட்டில்தான் தொடங்கியது.

கேள்வி: சிப்பாய் மட்டும் ஏன் பின்னால் போக முடியாது? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: பின்வாங்கத் தெரிந்த காய் எதற்கும், எட்டாவது வரிசையைத் தொட்டு வேறு காயாக மாறும் உரிமை இல்லையே! இருந்தாலும் ஒன்று: மற்ற காய்களைத் தவறாக நகர்த்தினால் திரும்பக் கொண்டுவரலாம், சிப்பாயை முடியாது. எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று முடிவெடுக்கும் வயதில் இருக்கிறீர்கள். தள்ளுவதற்கு முன் யோசியுங்கள். தள்ளிய பிறகு திரும்பிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: 43 வயது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருந்துச் செலவு. மூச்சுவிட நேரமில்லை. (வாசகர், கோவை)

பதில்: இதற்கு செஸ்ஸில் 'டைம் டிரபிள்' என்று பெயர். 2024 உலக சாம்பியன்ஷிப்பில் முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம். 30-வது நகர்த்தலைத் தாண்டியதும் கடிகாரத்தில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று தவிக்கிற நிலை பெரிய ஆட்டக்காரர்களுக்கே வரும். பெரும் பிழைகள் விழுவதும் அங்கேதான். ஆனால் 40 நகர்த்தலை முடித்துவிட்டால் 30 நிமிடம் கூட்டித் தருவார்கள், அதற்குமேல் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி சேரும். உங்களுக்கும் சேரும். பிள்ளைகள் தலையெடுப்பார்கள், கடன் அடையும்.

அதுவரை இரண்டு வேலை. பலகையில் நெருக்கடி அதிகமானால் காய்களை மாற்றி வெட்டிக் குறைத்துக்கொள்வார்கள். அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் பதவியையும் மூன்றாவது சீட்டையும் விட்டுவிடுங்கள். எங்கே தாக்குவது என்று தெரியாதபோது, இருப்பதிலேயே மோசமான இடத்தில் இருக்கும் காயைத் தேடி அதை முதலில் சரிசெய்வார்கள். உங்கள் வயதில் அந்தக் காய் பெரும்பாலும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சர்க்கரைப் பரிசோதனைதான். நாளைக் காலை வெறும் வயிற்றில் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: விதி என்று ஒன்று உண்டா, இல்லையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உண்டு. உங்களுக்குக் கறுப்புக் காய் வந்தால் எதிராளிதான் முதலில் நகர்த்துவார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தில், குகேஷுக்கு வந்ததும் கறுப்புதான்.

கேள்வி: போன மாதம் ரிட்டயர் ஆனேன். எதைத் தொட்டாலும் "நீங்க சும்மா உட்காருங்கப்பா" என்கிறார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்துக்குத்தான் நிறைய எழுதப்போகிறேன்.

ஓப்பனிங்கில் ராஜாவை என்ன செய்கிறோம்? காஸ்லிங் செய்து மூலைக்குத் தள்ளி, முன்னால் மூன்று சிப்பாய்களை நிறுத்திக் காவல் போடுகிறோம். பலகை முழுக்க ராணியும் யானைகளும் திரியும்போது ராஜா தலைகாட்டினால் ஆபத்து. மிடில் கேம் முடியும்வரை ராஜா இப்படி ஒதுங்கியே இருக்கும். காய்கள் வெட்டுப்பட்டுக் குறைந்த பிறகு என்ன ஆகிறது? மூலையில் இருந்த ராஜா எழுந்து நடுப்பலகைக்கு நடக்கத் தொடங்கும். எண்ட் கேமில் அதன் சண்டை பலம் ஒரு குதிரையையோ பிஷப்பையோ விடக் கொஞ்சம் கூடுதல் என்றே கணக்கிடுகிறார்கள். அப்போதும் மூலையிலேயே உட்கார்ந்திருக்கும் ராஜா, ஆட்டத்தைத் தோற்கவைக்கும் ராஜா.

சிங்கப்பூருக்கே வாருங்கள். 13 ஆட்டங்கள் முடிந்து இருவரும் சமநிலை. 14-வது ஆட்டமும் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குகேஷின் எதிராளி டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையை f2-க்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அதுதான் பிழை. யானைகள் போயின, அடுத்து பிஷப்புகளும் போயின. பலகையில் மிச்சம் இரண்டு ராஜாக்களும் மூன்று சிப்பாய்களும். சிப்பாய்களில் இரண்டு குகேஷுடையவை. குகேஷ் ராஜாவை e5-ல் வைத்தார். வெள்ளை ராஜா e3-ல், நடுவில் ஒரு கட்டம், நேருக்கு நேர். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். 18 வயதுப் பையனை உலக சாம்பியன் ஆக்கிய கடைசி நகர்த்தல் ராஜா வைத்த ஒரு அடி.

சரி, நடந்து எங்கே போவது? ஒரு ராஜா, ஒரு சிப்பாய், எதிரில் e8-ல் தனி ராஜா. உங்கள் ராஜா e6-ல், சிப்பாய் அதன் பின்னால் e5-ல் இருந்தால், யார் நகர்த்தும் முறையானாலும் வெற்றி உங்களுக்கே. இரண்டையும் இடம் மாற்றி, சிப்பாயை e6-லும் ராஜாவை அதன் பின்னால் e5-லும் வையுங்கள். எதிராளி தவறு செய்யாவிட்டால் டிரா. சிப்பாயைப் பின்னால் நின்று தள்ளும் ராஜாவால் முடியாதது, முன்னால் நடந்து வழி திறக்கும் ராஜாவால் முடிகிறது. மகனிடம் "இதைச் செய், அதைச் செய்" என்று நீங்கள் சொல்லும் இடத்தில் அவர் "சும்மா உட்காருங்க" என்றுதான் சொல்வார். பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நீங்களே போய் நின்று பாருங்கள், யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். 35 வருட உத்தியோகத்தில் எந்த மேஜையில் எந்தக் காகிதம் தேங்கும் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

வயது தடை என்று யாராவது சொன்னால் வாசிலி ஸ்மிஸ்லவ் பெயரைச் சொல்லுங்கள். 1957-ல் உலக சாம்பியன் ஆகி, அடுத்த ஆண்டே பட்டத்தை இழந்தவர். 1984-ல் மறுபடியும், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் இறுதிச் சுற்றுக்கு வந்தார். எதிரில் 20 வயது காஸ்பரோவ். அந்தப் போட்டி நடந்த நாட்களில்தான் ஸ்மிஸ்லவுக்கு 63 வயது நிறைந்தது. தோற்றார். உலகின் எத்தனையோ இளைஞர்கள் எட்டாத இடத்தில் நின்று தோற்றார். எண்ட் கேம் ஆடுவதில் அவருக்கு இணையாகச் சொல்ல வெகு சிலரே இருந்தார்கள்.

கேள்வி: மாமனாருக்கும் என் கணவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சண்டையும் இல்லை. இது என்ன நிலை? (வாசகி, ஈரோடு)

பதில்: ஸ்டேல்மேட். ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் எந்தக் காயும் நகரக் கட்டம் இல்லை. பெரும்பாலும் இது பலம் அதிகமுள்ளவர் செய்யும் பிழை. ராணியை வைத்துக்கொண்டு, எதிராளிக்கு ஒரு கட்டம்கூட விடாமல் அடைத்துவிடுவார். கையில் இருந்த வெற்றி டிராவாகிவிடும். உங்கள் வீட்டில் ராணி யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம்தான் ஒரு கட்டம் திறந்துவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு இருவருக்கும் ஒரே நேரத்தில் இலை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 66 வயதில் செஸ் கற்றுக்கொள்ள முடியுமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: தாராளமாக. சீனியர்களுக்கான உலகப் போட்டியில் 50 வயதுக்கு மேல், 65 வயதுக்கு மேல் என்று இரண்டு பிரிவு உண்டு. நீங்கள் இரண்டாவதில் இளையவர். 32 காய்களோடு தொடங்காதீர்கள். முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்கா சொன்ன வழி, எண்ட் கேமை முதலில் படிப்பது. இரண்டு ராஜாவும் ஒரு சிப்பாயும் போதும். திருச்சி ஐயாவுக்கு எழுதிய e6, e5 இரண்டையும் பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள். எதிரில் பேரனோ பேத்தியோ உட்கார்ந்தால் கறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள்.