ஓட்டிலே ஓட்டு

கே: ஒருவரை ஒதுக்கி வைப்பதை ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரசைஸ்' என்கிறார்களே, ஆஸ்ட்ரிச் பறவைக்கும் அதற்கும் ஏதாவது சொந்தமா?

ப: நெருப்புக்கோழியை விட்டுவிடுங்கள், பாவம். சிப்பியைக் குறிக்கும் 'ஆய்ஸ்டர்' வேண்டுமானால் ஒன்றுவிட்ட உறவு. கிரேக்கத்தில் 'ஓஸ்ட்ரகான்' என்றால் பானை ஓடு. ஏதென்ஸில் 2,500 ஆண்டுகளுக்கு முன், 'இந்த ஆள் ரொம்பத்தான் துள்ளுகிறார்' என்று தோன்றினால், உடைந்த ஓட்டுச் சில்லில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆம், ஓட்டிலேயே ஓட்டு! குறைந்தது 6,000 சில்லு விழ வேண்டும். மாட்டியவருக்குப் 10 நாள் கெடு. அதற்குள் ஊரை விட்டு ஓடு! 10 ஆண்டு திரும்பக் கூடாது. சொத்தில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். (நம் நாட்டாமைகளின் தீர்ப்புக்கு இது எவ்வளவோ தேவலாம்.)

அக்ரோபோலிஸ் குன்றுச் சரிவில் ஒரு பழைய கிணற்றில், தெமிஸ்டோக்ளீஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய 190 சில்லுகள் கிடைத்தன. கையெழுத்தை ஒப்பிட்டால், எழுதியவர்கள் வெறும் 14 பேர்! எழுதித் தயாராக வைத்து, வருகிறவர் கையில் திணிக்கும் கட்சிப் பணி அன்றைக்கே உண்டு போலிருக்கிறது.

பிற்பாடு அந்தத் தெமிஸ்டோக்ளீஸும் ஊரை விட்டுப் போக வேண்டித்தான் வந்தது.