குண்டூசித் துளையியல்: பிரிட்டிஷ் இந்திய ரூபாய் நோட்டுகளை முன்வைத்து ஒரு மீளாய்வு

இத்துறையில் இதுவே முதல் ஆய்வு. ஆயினும் 'மீளாய்வு' என்று தலைப்பிட்டிருக்கிறேன். முதலாய்வு என்றால் கருத்தரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும்போதே பேசவிட்டு இறக்கிவிடுகிறார்கள்.

ஆய்வின் எல்லை: 1861ஆம் ஆண்டுக் காகிதப் பணச் சட்டம் முதல், ஆறாம் ஜார்ஜ் நோட்டைவிட்டு இறங்கும் வரை. அதற்கு முன் வங்காளம், பம்பாய், சென்னை மாகாண வங்கிகள் தாமே நோட்டு வெளியிட்டன. அவை என்னிடம் இல்லை. எனவே எல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஒரு நோட்டில் ஆராயத்தக்கவை பல. மன்னர் தலை: எல்லாரும் பார்த்தது. கையொப்பம்: ஆறாம் ஜார்ஜ் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் ஜேம்ஸ் டெய்லரா, சி.டி. தேஷ்முக்கா என்று பார்த்தால் தீர்ந்தது. மடிப்பு: உண்டு, இல்லை என இருவகைப்படும். கறை: ஆராயவும் கூடாது, துவைக்கவும் கூடாது, துவைத்த நோட்டு விலை போகாது. எஞ்சுவது துளை.

அந்தக் கால வங்கி குமாஸ்தா நோட்டுகளை எண்ணிக் கட்டாக்கி, பிரியாமல் இருக்கக் குண்டூசியால் குத்திவைத்தார். பின்னாளில் ஸ்டேப்ளர் அந்த வேலையை ஏற்றது. ஆகவே அக்கால நோட்டுகளில் துளையில்லாதது அபூர்வம். ஏலப் பட்டியல்காரர்கள் 'வழக்கமான துளைகளுடன்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். வியாபாரியோ, "ஒரே ஒரு பின் ஹோல்தான் சார், லைட்டுல பிடிச்சாத்தான் தெரியும்" என்பார். துளையே இல்லாத நோட்டுக்கு விலை எகிறும். அதாவது, எந்த வங்கிக் கட்டிலும் சிக்காமல், யார் சட்டைப்பையிலும் கசங்காமல், பணமாக ஒருநாளும் உழைக்காத நோட்டே உயர்ந்த நோட்டு. இந்த நியாயத்தை நான் கேள்வி கேட்கவில்லை. ஆய்வாளன் கேள்வி கேட்கக் கூடாது, வகைப்படுத்த வேண்டும்.

துளை, அகத்துளை, புறத்துளை என இருவகைத்து. அச்சுக்குள் விழுந்தது அகம்; வெள்ளை ஓரத்தில் விழுந்தது புறம். ஆறாம் ஜார்ஜின் பத்து ரூபாயில் மன்னர் வலப்பக்கம் இருக்கிறார். இடப்பக்கத்து நீர்க்குறி வட்டத்தில் துளை விழுந்தால் அதை அகம் என்பதா, புறம் என்பதா? அங்கே அச்சு இல்லை, ஆனால் மன்னர் இருக்கிறார். காணாமலே உணரப்படுவதால் அகம் என்க (காண்க: கீழே).

ஊசி புகுந்த துளையும் வெளிப்பட்ட துளையும் இணையாக நிற்பது ஒத்த அன்பு. புகுந்த இடத்தில் விளிம்பு உள்வாங்கி மழமழவென்றிருக்கும். நோட்டைத் திருப்பி விரலால் தடவினால் நார் பிதுங்கி நெருடும். ஊசி நெடுநாள் இருந்துவிட்டால் துளையைச் சுற்றித் துருப்பிடித்துப் பழுப்பு வளையம் தோன்றும். இதுவே பசலை (மேலது). துணையின்றி நிற்கும் ஒற்றைத் துளை கைக்கிளை. அவசரத்தில் ஊசியைப் பிடுங்கிக் கிழிந்துபோனது பெருந்திணை (என் குறிப்பேடு, டீக் கறைக்கு வலப்பக்கம்).

திணை வந்துவிட்டதால் நிலம் வேண்டும். அதுவும் தயாராக இருக்கிறது. அன்று நோட்டு நாடெங்கும் செல்லாது. வெளியிட்ட வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். பின்னாளில் இருந்த வட்டங்கள் கல்கத்தா, கான்பூர், லாகூர், பம்பாய், கராச்சி, சென்னை, ரங்கூன் என ஏழு. ஐந்திணையோடு கைக்கிளை, பெருந்திணை சேர்த்தாலும் ஏழு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? முன்னர் கள்ளிக்கோட்டை, அலகாபாத், நாக்பூர் என்றெல்லாம் இருந்தனவே என்றால், அவை கணக்கைக் கெடுப்பதால் இடைச்செருகல் எனத் தள்ளப்பட்டன. இந்த முறை நம் பதிப்புலகில் பலகாலமாகப் பயன்பட்டு வருவது. 1903இல் ஐந்து ரூபாய் நோட்டு பர்மா தவிர எங்கும் செல்லும் என்றானது. 1910இல் பத்தும் ஐம்பதும், 1911இல் நூறும் அதன் பின்னே வந்தன. இது திணைமயக்கம் (நான் இன்னும் எழுதாத நூல், திருத்திய இரண்டாம் பதிப்பு, முன்னுரைக்கு எழுதிய பின்னுரை, அதன் பிழைத்திருத்தத்துக்கான பிழைத்திருத்தம், தலைகீழாகப் பிடித்துப் படிக்கவும்).

அடுத்தது பெருந்துளை. அக்காலத்தில் தபாலில் பணம் அனுப்புவோர் நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். கிடைத்தது என்று பதில் வந்தபின் மறுபாதி போகும். அங்கே ஒட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். வெட்டு வேறு, துளை வேறு என்பது பாமரர் கருத்து. ஒரு விளிம்பில் புகுந்து மறு விளிம்பில் வெளியேறிய நீள்துளையே வெட்டு. இதை ஏற்றால்தான் என் இயல் முழுமை பெறும், ஆகவே ஏற்கப்படுகிறது.

1867இல் தொடங்கிய பச்சை நோட்டு வரிசை பல்லாண்டு ஒருபக்கம் மட்டுமே அச்சானது. முந்தைய விக்டோரியா தலை நோட்டைக் கள்ள அச்சுக்காரர்கள் விட்டுவைக்காததால் வந்த மாற்றம் அது. பச்சை நோட்டின் பின்பக்கம் வெறுமை. உரையாசிரியர்களுக்கு இதைவிட வளமான இடம் இல்லை. மூலம் இல்லாத பக்கத்தில்தான் உரை தங்குதடையின்றி ஓடும்.

வெள்ளித் தட்டுப்பாட்டில் 1917 நவம்பர் 30 அன்று வந்த ஒரு ரூபாய் நோட்டு, அதை அடுத்து வந்த இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு: பார்த்தேன், துளை உண்டு. 1938இல் வந்து 1946இல் செல்லாததாகிய பத்தாயிரம் ரூபாய் நோட்டு: பார்க்கவில்லை, துளையற்றது எனக் கொள்க.

சிலர் துளையை அடைத்து விற்கிறார்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் அடைப்பு தனித் திட்டாகத் தெரியும். இது வியாபாரத்தில் மோசடி, சுவடியியலில் பாடத்திருத்தம்.

ஒரு துயரச் செய்தி. 2001இல் ரிசர்வ் வங்கி, நோட்டுக்கட்டுகளை ஸ்டேப்பிள் செய்யக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. மூலவளம் இத்தோடு வறண்டது. புதுத் துளைகள் இனிப் பிறக்கப்போவதில்லை. எனவே துளையியலுக்கு ஒரு பல்கலைக்கழக இருக்கை உடனடியாக அமைய வேண்டும். அதில் அமரத் தகுதியுள்ளவர் நானறிந்தவரை ஒருவரே. அவர் பெயரைக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில் அச்சிடும்படி பதிப்பாசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.