30 புள்ளிக்கு ஒரு முடிவு

ஏ லெவலுக்கு அரசியல் எடுக்கப்போகிறேன் என்றபோது, "டொக்டருக்குப் படிக்காமல் இதென்ன படிப்பு?" என்று கேட்டார் அப்பா. என்னைப் போன்ற மதில்மேல் பூனைக்கு அதைவிடப் பொருந்தாத பாடம் லண்டனில் இல்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

30 புள்ளிக் கட்டுரையில் இரு தரப்பு வாதமும் வேண்டும். கடைசியில் எது சரி என்ற தீர்ப்பும் வேண்டும். எனக்கு வாதம் வரும், தீர்ப்பு வராது. தேர்தல் முறை நியாயமா என்று கேட்டால், 2015இல் யூகிப் கட்சி ஏறக்குறைய 39 லட்சம் வாக்கு வாங்கியும் ஒரே ஆசனத்தோடு நின்றதை எழுதுவேன். 15 லட்சத்துக்கும் குறைவாக வாங்கிய ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி 56 ஆசனங்களை அள்ளியதையும் எழுதுவேன். எழுதிவிட்டு, 'ஆனாலும் தொகுதிக்கென்று ஒரு எம்.பி. இருப்பது நல்லதுதானே' என்று முடிப்பேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் விழும்.

ஒரு தடவை துணிந்து தீர்ப்புச் சொன்னேன். 2019இல் 80 ஆசனப் பெரும்பான்மையோடு வென்ற கட்சியின் பிரதமரை யாராலும் அசைக்க முடியாது என்று அடித்து எழுதினேன். அது 2022 இலையுதிர் காலம். கட்டுரை திருத்தி வருவதற்குள், பதவியேற்று ஏழு வாரம்கூட ஆகாத பிரதமர் லிஸ் ட்ரஸ் விலகுவதாக அறிவித்துவிட்டார்.

2024 ஜூலை 4, என் முதல் வாக்கு. வாக்களிக்கப் புகைப்பட அடையாளம் வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் நான். முதியோரின் ஓய்ஸ்டர் பயண அட்டை செல்லும், மாணவரின் ஓய்ஸ்டர் அட்டை செல்லாது. இந்தப் பாரபட்சத்தைப் பரீட்சையிலேயே கிழித்திருக்கிறேன். சாவடி மேசையில் நான் நீட்டியதோ என் மாணவர் ஓய்ஸ்டர் அட்டை. பின்னால் நின்ற அம்மம்மா தன் அட்டையைக் காட்டி, புள்ளடி போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். நான் பாஸ்போட் எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்து, வாக்குச்சீட்டும் பென்சிலுமாக நின்றேன். இவருக்குப் போட்டால் இது நல்லது, அவருக்குப் போட்டால் அது நல்லது. வாசலிலிருந்து அம்மம்மாவின் குரல்:

"மோனை, உள்ளுக்கை என்ன சோதினையே நடக்குது?"